எறக்கி வச்சு முறுக்கணும்

குருபிரசாத்துக்கு நாற்பத்து நான்கு வயது. அவனுடைய ஐகான் காருக்கு இருபத்திரண்டு. இரண்டு பேரில் முதலில் மூட்டுத் தேய்ந்தது வண்டிக்குத்தான். நாற்பது தாண்டிய ஆளை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்ற எல்லா விஷயத்திலும் அவன் மரியாதைக்கு உரியவன்தான். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளை மேலாளர், ஆனையூரில் சொந்த வீடு, சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை. இந்த நீல வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அவனுக்கு இருபத்தாறுக்கு மேல் வயது ஏறுவதில்லை.

ஒரு மாதமாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டியின் முன்பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. திருப்பினால் உடனே திரும்புகிற வண்டி, இப்போது ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. அந்த ஒரு கணம் அவன் உயிரை வாங்கியது. அவன் மனைவி சுஷ்மாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அவளுக்குச் சத்தம் மட்டும்தான்.

“நீங்க தெருமுனை திரும்பறச்சயே தெரிஞ்சுடறது. காபிக்குப் பாலை வச்சுடறேன்,” என்றாள். “அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான் வண்டியை விக்கச் சொல்லாம இருக்கேன்.”

சனிக்கிழமை காலை வண்டியைக் காளவாசலுக்குக் கொண்டுபோனான். சிக்னலைத் தாண்டி உள்ளே ஒரு சந்தில் ஜெயபாண்டியின் ஒர்க் ஷாப். ஜெயபாண்டி பழைய கார்களில் கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். வண்டியைத் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றி, நீளமான ஒரு கம்பியை விட்டு நெம்பிப் பார்த்துவிட்டு, “லோயர் ஆர்ம் புஷ்ஷு போயிருச்சுண்ணே. ரெண்டு பக்கமும்,” என்றான்.

சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருக்கிற இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அந்தக் கை உடம்போடு சேரும் இடத்தில் இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். அதுதான் புஷ். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அது நன்றாக இருக்கும் வரை வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஜெயபாண்டி மேஜையில் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்தான். ஒன்றில் கருப்பு, ஒன்றில் சிவப்பு.

“ரெண்டு தினுசு இருக்குண்ணே. கருப்பு வந்து ரப்பர், கம்பெனி அளவுலயே வெளிய செய்யிறது. செவப்பு பாலியூரித்தேன். கெட்டி. வளைவுல வண்டி சொன்ன எடத்துல திரும்பும். ஆனா ரோட்டுல சின்னக் கல்லு கெடந்தாலும் ஒங்க இடுப்புக்குத் தகவல் வந்துரும். எது போட?”

குரு யோசிக்கவே இல்லை. “செவப்பு போட்டுரு. ரப்பர் ஆகாது.”

“ஏண்ணே? அண்ணி வர்ற வண்டி. ரப்பர்தான் சொகுசு.”

“கம்பெனி நாட்ட விட்டே போயாச்சு. இப்ப வர்ற ரப்பரெல்லாம் டூப்ளிகேட். ரெண்டே மாசத்துல கிழிஞ்சு தொங்கும். நான் பாத்திருக்கேன்.”

பார்த்திருக்கிறான், அதில் பொய் இல்லை. அந்த இரண்டு மாத ரப்பரால்தான் அவன் தன் வாழ்க்கையில் வாய்த்த ஒரே நல்ல சிநேகிதனை இழந்தான்.

சங்கிலியும் அவனும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. சங்கிலிக்கு வாடிப்பட்டிப் பக்கம் ஊர். அப்பாவும் அம்மா முருகம்மாளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் அவனைப் படிக்க வைத்தார்கள். குருவின் அப்பா கல்யாணராமன் பேங்க் அதிகாரி, எஸ்.எஸ். காலனியில் வீடு. வேறு எதிலும் ஒட்ட வழியில்லாத இந்த இரண்டு பேரையும் கார்ப் பைத்தியம் ஒட்ட வைத்தது. படிப்பு முடிந்ததும் குரு இன்சூரன்ஸில் சேர்ந்தான். சங்கிலி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தான். இரண்டாயிரத்து ஐந்தில் கல்யாணராமன் ஒரு மில் முதலாளியிடமிருந்து இந்த ஐகானைப் பழையதாக வாங்கினார். ஆயிரத்து அறுநூறு சி.சி. என்ஜின். அவரைப் பொறுத்தவரை அது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற வண்டி. இவர்கள் இரண்டு பேருக்கும் அது ஞாயிற்றுக்கிழமை.

விடிந்தும் விடியாமலும் நத்தம் ரோட்டில் கிளம்புவார்கள். அப்போது அங்கே இந்தப் பெரிய பாலம் கிடையாது. ஊரைத் தாண்டினால் புளியமரங்கள், வயல், வலது பக்கம் கூடவே வருகிற அழகர் மலை. போகும்போது குரு ஓட்டுவான், வரும்போது சங்கிலி. சங்கிலி இவனைவிட நன்றாக ஓட்டுவான். அதை ஒப்புக்கொள்வதில் குருவுக்கு அன்றும் வெட்கம் இல்லை, இன்றும் இல்லை. மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் விட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் வெளியே கொண்டுவந்துவிடுவான். அதுவரை வாயைத் திறக்க மாட்டான். வெளியே வந்ததும், “கேட்டியா மாப்ள,” என்பான். எதை என்று சொல்ல மாட்டான். நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டும்போது என்ஜினின் குரல் மாறுகிற இடத்தைச் சொல்கிறான் என்று குருவுக்குத் தெரியும். திரும்பி வந்து ஆரப்பாளையத்தில் ஒரு கடையில் உட்காருவார்கள். சங்கிலிக்கு இட்லியும் குடல் குழம்பும், குருவுக்கு இட்லியும் மூன்று சட்னியும். சர்வர் வாராவாரம் தட்டை மாற்றி வைப்பார், இவர்கள் வாராவாரம் சிரித்துக்கொண்டே தள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்தக் காலைகளில் இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு கல்யாணத்தில்கூட அவனுக்கு வாய்க்கவில்லை. சுஷ்மாவுக்குத் தெரிந்தால் பால் வைக்க மாட்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் முதல் முறையாகப் புஷ் தேய்ந்தது. சங்கிலி சென்னை ஜி.பி. ரோட்டில் தெரிந்த கடையிலிருந்து பார்சலில் வரவழைத்தான். குருவின் வீட்டு வாசலிலேயே இரண்டு பேருமாக மாட்டினார்கள். இரண்டே மாதத்தில் சத்தம் திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் கிழிந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கல்யாணராமன் வாசலுக்கு வந்தார்.

“என்னடா சாமான் போட்டிருக்கான்?” என்று மகனைக் கேட்டார்.

கிழிந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு குரு சொன்னான். “டூப்ளிகேட்டா இருக்கும்பா. எங்க வாங்கினானோ.”

“இவாள்ட்டல்லாம் வண்டியக் குடுத்தா இப்படித்தான்,” என்றார் அப்பா. மெல்லத்தான் சொன்னார்.

சங்கிலி நாலடி தள்ளி ஸ்பானரோடு நின்றிருந்தான். குரு தரையைப் பார்த்தான். சங்கிலி ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தன் மொபெட்டில் கட்டி, “வாரேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அதற்குப் பிறகு வரவில்லை.

ஏமாற்றியவனுக்கே இவ்வளவு ரோஷமா என்று குரு ஆறு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தான். அப்புறம் போனால் போகிறது, ஏதோ நாலு காசு ஆசையில் மலிவாக வாங்கிவிட்டான் என்று மனதுக்குள் மன்னித்தும் விட்டான். ஆனால் போய்ப் பார்க்க முகம் இல்லை. சங்கிலி சமயநல்லூரில் ரோட்டு மேலேயே சக்கரங்களை நேர் பார்த்துச் சரிசெய்கிற வீல் அலைன்மென்ட் கடை சொந்தமாகப் போட்டிருப்பது அவனுக்குத் தெரியும். அதனாலேயே திண்டுக்கல் பக்கம் போவதென்றால் அலங்காநல்லூர் வழியாக வாடிப்பட்டிக்குச் சுற்றிக்கொண்டுதான் போவான். ஏன் இந்தச் சுற்று என்று சுஷ்மா கேட்டால், அந்த ரோடு பச்சைப்பசேல் என்று இருக்கும் என்பான். அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தான்.

ஜெயபாண்டி சிவப்புப் பாக்கெட்டைப் பிரிக்காமல் அவனையே பார்த்தான்.

“டூப்ளிகேட்டே ஆனாலும் ஒரு வருசமாவது ஓடும்ணே. ரெண்டு மாசத்துல எப்படிக் கிழிஞ்சிருந்துச்சு? பொடிப்பொடியாவா?”

“இல்ல,” என்றான் குரு. அந்த ரப்பர் இன்னும் கையில் இருப்பது மாதிரி அவனுக்கு ஞாபகம் இருந்தது. “ரப்பர் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே பக்கமா முறுக்கி, உள்ள இருக்குற இரும்புக் குழாய விட்டுப் பிஞ்சு வந்திருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணு போலவே.”

“அப்ப சாமானக் கொறை சொல்லாதீங்க. மாட்டுனவனச் சொல்லுங்க. அந்தரத்துல வச்சு முறுக்கியிருக்கான்.”

“அப்படின்னா?”

ஜெயபாண்டி கருப்பு ரப்பரை எடுத்து அதன் துளையில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்தான். “வண்டி மேல தூக்கி நிக்கிறப்ப ஆர்ம் கீழ தொங்குது. அந்த நெலையில போல்ட்ட இறுக்குனா, ரப்பர் அப்படியே பூட்டிக்கிரும். வண்டிய எறக்குனா ஆர்ம் மேல வருது, ரப்பர் முறுக்கிக்கிருது. நிக்கிறப்பவும் முறுக்கு, ஓடுறப்பவும் முறுக்கு. எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? எறக்கி வச்சு, பாரம் சக்கரத்துல நிக்கிறப்பதான் முறுக்கணும். தொழில் தெரிஞ்ச எவனும் இந்தத் தப்பச் செய்ய மாட்டாண்ணே. யாரு மாட்டுனது?”

வீட்டு வாசலில் புஷ் மாட்டிய அந்த நாள் குருவுக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்கு வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. முருகம்மாளை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று சங்கிலி நடுவில் எழுந்து போனான். “நட்டெல்லாம் கைமுறுக்காத்தான் விட்டிருக்கேன். நான் வந்து எறக்கி வச்சு முறுக்கிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு மணி நேரம் ஆயிற்று. சும்மா உட்கார்ந்திருந்த குரு, அவனுக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டாண்டில் தூக்கி நிற்கிற வண்டியில் அத்தனை போல்ட்டையும் தம் கட்டி இறுக்கினான். பிறகு சக்கரத்தை மாட்டி வண்டியையும் இறக்கி வைத்தான். ஆசையாகத்தான் செய்தான். சங்கிலி திரும்பி வந்து, “எறக்கி வச்சுத்தான முறுக்குன?” என்று கேட்டான். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைப்பதில் மும்முரமாக இருந்த குரு, “ஆமா, ஆமா,” என்றான். என்ன கேட்கிறான் என்று காதில் வாங்காமலே சொன்ன ஆமா.

பதினெட்டு வருடமாக அவன் சங்கிலியை மன்னித்துக்கொண்டிருந்தான். இப்போது அதை நினைக்க உடம்பெல்லாம் கூசியது. காளவாசல் இரைச்சலில் அவன் வாய்விட்டு அழுதிருந்தால்கூட யாருக்கும் கேட்டிருக்காது, ஆனால் அழவும் வரவில்லை.

“வண்டிய எறக்கிரு ஜெயபாண்டி. தப்பா நெனச்சுக்காத, இத வேற ஒருத்தன் மாட்டணும்,” என்றான். கருப்பு ரப்பர் பாக்கெட்டுக்குப் பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டான்.

ஆரப்பாளையம், விளாங்குடி, பரவை என்று வண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் முனகிக்கொண்டே போனது. இந்த ரோட்டில் சாயங்காலங்களில் சங்கிலியை ஊரில் விடப் போனது ஞாபகம் வந்தது. பேச்சு முடியாமல், விட்ட இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி இருட்டுகிற வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி என்னதான் பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூட நினைவில் இல்லை. பேசினார்கள், அவ்வளவுதான். போய் என்ன சொல்வது என்று பரவை மார்க்கெட் வரைக்கும் ஒத்திகை பார்த்தான். சமயநல்லூர் வந்தபோது அத்தனையும் மறந்துவிட்டது.

'முருகம்மாள் வீல் அலைன்மென்ட்' என்று பெரிய போர்டு. வாசலில் கம்ப்யூட்டர் மேஜையில் சங்கிலியின் மனைவி முத்துமீனா உட்கார்ந்திருந்தாள். குரு வண்டியை உள்ளே திருப்புவதற்கு முன்பே, குழிக்குள் நின்று ஒரு வேனின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் தலையைத் தூக்கியிருந்தான். முடி பாதி நரைத்திருந்தது. கண்ணாடி கயிற்றில் தொங்கியது. கையைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தான்.

“வாங்க சார். அலைன்மென்டா?”

சார். குருவுக்கு அதுவே போதுமாக இருந்தது. வண்டியை விட்டு இறங்கி, முன்னுரை எதுவும் இல்லாமல் கொட்டினான். “சங்கிலி, அன்னைக்கு நான்தான் ஸ்டாண்டுல வச்சே முறுக்கிட்டேன். நீ கேட்டப்ப ஆமான்னும் சொல்லிட்டேன். சாமான் மேல தப்பு இல்ல. இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.”

“எனக்கு அன்னைக்கே தெரியும்,” என்றான் சங்கிலி. “கழட்டுன ஒடனே தெரியும். ரப்பரப் பாத்தா தெரியாதா?”

“ஏன் சொல்லல?”

“நீ எங்க கேட்ட? டூப்ளிகேட்டுன்னு நீயே சொல்லிட்ட.” குரலில் கோபம் இல்லை. வேனின் சக்கரத்தைப் பார்த்துப் பேசினான். “எறக்கி வச்சுத்தான முறுக்குனன்னு நான் கேட்டேன். நீ ஆமான்ன. நான் நம்புனேன்ல?”

குரு கையிலிருந்த பாக்கெட்டைக் காட்டி, “ரப்பர் வாங்கிட்டு வந்திருக்கேன். இது போடலாமா, இல்ல பாலியூரித்தேன் போடலாமா? நீ சொல்லு,” என்றான்.

சங்கிலி பாக்கெட்டை வாங்கவில்லை. “சாவியக் குடுங்க. ஓட்டிப் பாக்காம சொல்ல முடியாது.”

குரு பழைய வழக்கம்போல இடது பக்கக் கதவை நோக்கி நடந்தான். “நீங்க இருங்க,” என்று சொல்லிவிட்டுச் சங்கிலி தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு நாலு வழிச் சாலையில் ஏறினான். இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. தான் ஒரு சிநேகிதனைத்தான் இழந்திருந்தோம், சங்கிலி சிநேகிதனோடு வண்டியையும் சேர்த்து இழந்திருந்தான் என்பது அப்போதுதான் குருவுக்கு உறைத்தது.

முத்துமீனா ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். “ஒக்காருங்கண்ணே. நீங்கதான ஐகான் அண்ணே?”

“என்னையப் பத்திச் சொல்லியிருக்கானாம்மா?”

“சொன்னதில்ல. இந்த மாதிரி வண்டிச் சத்தம் ரோட்டுல எங்க கேட்டாலும் தலையத் தூக்கிப் பாப்பாரு. இது இல்லன்னு தெரிஞ்சதும் குனிஞ்சுக்குவாரு. கல்யாணமான நாள்லருந்து பாக்குறேன். இப்ப அந்த வண்டியே கொறஞ்சு போச்சு, மாசத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு. நீங்க இந்தப் பக்கம் வர்றதே இல்லையாண்ணே?”

“வர்றதில்லம்மா,” என்றான் குரு. அலங்காநல்லூர் ரோட்டின் பச்சைப்பசேலைப் பற்றி அவளிடம் சொல்ல முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வண்டி வந்தது. ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். சங்கிலி என்ஜினை நிறுத்தினான், இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

குரு எழுந்து போய் ஜன்னலருகே குனிந்தான். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை, பார்க்காதது வந்தது.

“போல்ட்டு தெரியாமச் செஞ்சது சங்கிலி. அப்பா அப்படிச் சொன்னப்ப நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன் பாரு, அது தெரிஞ்சே செஞ்சது. அப்பா, இவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரல. அந்த ரப்பர் டூப்ளிகேட்டாவே இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கணும்.”

சங்கிலி கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. “ரப்பரே போடலாம்,” என்றான். “புஷ்ஷு ரெண்டு மணி நேர வேலை.”

பிறகு முதல் முறையாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான்.

“அன்னைக்கு ஒங்க தெருமுனை வரைக்கும் மொபெட்ட ஸ்டார்ட் பண்ணாம உருட்டிக்கிட்டே போனேன் மாப்ள. பின்னாடி நீ கூப்புட்டா கேக்கணும்ல.”